கிட்டுசாமியின் நிற்காத மோட்டார்

ஜூன் 19, புதன்

பேசினால் மூச்சு வாங்குகிறது, எழுதினால் வாங்குவதில்லை. இது புரிய எனக்கு இத்தனை நாளாகிவிட்டது. பம்ப்செட் கடையில் வருஷா வருஷம் 'திரு. கிட்டுசாமி' என்று பெயரெழுதி இவருக்குக் கொடுக்கும் டைரிகள் பீரோவின் மேல் புதுக்கருக்கு மாறாமல் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டேன். மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் மெஷின்களின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பேசியே காலம் ஓட்டியவள் நான். இப்போது ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தடவை நிற்க வேண்டியிருக்கிறது. மீதிப் பேச்சையெல்லாம் இங்கே கொட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று கரண்ட் இல்லாத நாள். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி, சாயங்காலம் நாலு மணிக்குக் கொடுப்பார்கள். முதல் நாளே ஊர் முழுக்க மாவரைத்து வைத்துக்கொள்ளும், தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொள்ளும். மூச்சை மட்டும் முதல் நாளே பிடித்து வைக்க வழியில்லை. என் கட்டிலோரம் ஓடும் ஆக்சிஜன் மெஷினுக்கு நான் வைத்த பெயர் குறட்டைக்காரன். இன்வெர்ட்டர் அவனை மதியம் வரைகூடத் தாங்கவில்லை. அவன் கூவி அடங்கினதும் எனக்கு உதடு நீலம் பாரித்துவிட்டதாம். இவர் என்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஓடினார். நாலு மணி வரை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தோம்.

ராத்திரியே பெங்களூரிலிருந்து மகள் சுகந்தி போனில் அழுதாள். அவளுடைய அடுக்குமாடியில் ஜெனரேட்டர் இருக்கிறது, கரண்ட் போவதே தெரியாது. அடுத்த மாதமும் இப்படி ஆனால் நான் அங்கே போய்விட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். செய்துகொடுத்துவிட்டேன். இவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பின்பக்கத்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

மகள் வீட்டுக்கு இவர் வரமாட்டார். பன்னிரண்டாவது மாடியில் இரண்டு நாளைக்கு மேல் இவருக்குத் தரிக்காது. அதனால் சத்தியம் என்பது என்னை மட்டும் கட்டியனுப்புவதுதான்.

ஜூன் 20, வியாழன்

ஆஸ்பத்திரியில் சொன்ன இன்னொரு வழி, கரண்ட் இல்லாத நாளுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொள்வது. அதைப் பற்றி இவரிடம் அன்றே சொல்லிவிட்டேன். என் அண்ணன் கடைசி மாதம் சிலிண்டரைக் கட்டில்காலில் சாய்த்துக்கொண்டுதான் கிடந்தான். அது வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்றேன். மேலே சோலார் தகடு போடலாம் என்றால், வாடகை வீடு, ஓட்டுக்கூரை. வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார்.

தக்காளி ரசம். அப்பளம்.

ஜூன் 22, சனி

இரண்டு நாளாக இவர் போனும் கையுமாக உட்கார்ந்திருந்ததற்கு இன்று காரணம் தெரிந்தது. வடக்கே எங்கோ ஒரு ஆள் மோட்டார் ஒன்றைச் செய்து வீடியோ போட்டிருக்கிறான். அதை ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதுமாம், நிற்காதாம். டீசல் வேண்டாம், கரண்ட் வேண்டாம். பேட்டரி மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஒரு கனத்த சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் டைனமோவைச் சுற்றும், டைனமோ அதே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். வால் வாய்க்குள் போன பாம்புபோல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். போகப் போக மிச்சமாகும் கரண்டில் குறட்டைக்காரனை ஓட்டலாம் என்பது இவர் கணக்கு.

மாப்பிள்ளை இன்ஜினியர். அவரிடம் போனைச் சத்தமாக வைத்துக் கேட்டார். மாப்பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னார்.

"மாமா, அது ஓடாதுங்க. போட்டதுக்கு மேல ஒரு பொட்டு வராது. பெல்ட்டு தேயும், பேரிங் சூடாகும், அதுல கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கும்."

"கொஞ்சந்தானுங் மாப்ளே போகுது? அதயும் போகாம புடிச்சுட்டா?"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்த மனுஷனுக்கு இது தெரியாதா என்ன. மூச்சுச் செலவு என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

நல்ல தண்ணீர் வந்தது. குடம் எல்லாம் இவரே பிடித்தார்.

ஜூன் 27, வியாழன்

காலையில் குட்டி யானை வண்டியில் ஒரு இரும்புச் சக்கரம் வந்து இறங்கியது. பழைய பிரஸ் மெஷினில் இருந்ததாம், கணபதிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பிடித்திருக்கிறார். இரண்டு லாரி பேட்டரிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. பகல் முழுக்க ஷெட்டில் வெல்டிங் பொறி பறக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால், வந்தேன் வந்தேன் என்று குரல்தான் வருகிறது. நான் கூப்பிடும் சத்தம் அங்கே எட்டுவதே பெரும்பாடு. தட்டைக் கரண்டியால் தட்டுகிறேன்.

மாதப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா பழைய பாட்டையே பாடினார். தினமும் நடக்க வேண்டும், நடந்தால்தான் நுரையீரலுக்கு மிச்சமிருக்கும் பலமாவது நிற்கும், படுத்துக்கொண்டே இருந்தால் அதுவும் போய்விடும் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு எங்கே நடப்பது? முளைக்குச்சியில் கட்டிய மாடுபோலக் கயிறு எட்டும் வரைக்கும் போய்த் திரும்பி வரவா? பொங்கலுக்குப் பிறகு நான் வாசற்படி தாண்டியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

ஜூலை 1, திங்கள்

மோட்டார் ஓடிவிட்டது.

சக்கரம் முதலில் முனகியது, பிறகு ஒரே சீராகச் சுழன்றது. ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மில் ஷெட்டின் ஓரத்தில் நிற்பதுபோல இருந்தது. இவர் மதியச் சாப்பாட்டை ஷெட்டிலேயே வாங்கிக்கொண்டார். பேட்டரியின் சார்ஜைக் காட்டும் மீட்டரின் முள் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சாயங்காலம் நிறுத்திவிட்டு வந்தார். பெல்ட்டை இன்னும் இறுக்கிவிட்டால் இறங்காது என்றார். முகம் வாடியிருந்தது. ஆனால் விடுகிற முகமில்லை.

ஜூலை 2, செவ்வாய்

இன்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

காலையில் மோட்டாரை ஓட்டிவிட்டு இவர் டீக்கடைக்குப் போனார். போனால் பேப்பர் படித்து, அரசியல் பேசித்தான் வருவார். படுத்திருந்த எனக்கு மோட்டாரின் சத்தம் தளர்வது கேட்டது. மில்லில் வேலை பார்த்த காது, மெஷின் ஒரு நூல் இறங்கினாலும் தெரிந்துவிடும். பேட்டரியில் சார்ஜ் குறைகிறது என்று நினைத்தேன். போனில் குறைந்தால் என்ன செய்வோம், பிளக்கை மாட்டுவோம். அவ்வளவுதான் யோசித்தேன். இவர் வருவதற்குள் நின்றுபோனால் பாவம், காலையிலிருந்து உழைத்திருக்கிறார் என்றிருந்தது. குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, சமையலறைச் சுவரைப் பிடித்து, பிறகு துவைக்கிற கல்லைப் பிடித்து, ஷெட்டுக்குப் போய்விட்டேன். சார்ஜர் பேட்டரியோடு சேர்ந்தே கிடந்தது, பிளக்கு மட்டும் தொங்கியது. மாட்டினேன். அங்கிருந்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து மூச்சு விட்டேன். உயிர் போய் வந்தது.

தெருமுனையில் நின்று இவர் யாருடனோ பேசும் குரல் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். வேண்டாத நேரத்தில் பிளக்கை விட்டுவைத்தால் இவர் கத்துவார், அந்தப் பழக்கம். கட்டிலுக்கு வந்து குழாயை மாட்டினேனோ இல்லையோ, ஷெட்டிலிருந்து இவர் ஓடி வந்தார்.

"ஏறியிருக்குது அம்மிணி! நான் போறப்ப இருந்ததுக்கு மேல முள்ளு ஏறியிருக்குது! ஓடிக்கிட்டே ஏத்தியிருக்குது!"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டார்.

ஜூலை 3, புதன்

காலையில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். எழுந்து பார்த்தால் சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சட்டை போட்டு நிற்கிறார். எங்கள் மில் மூடின நாளிலிருந்து இந்த மனுஷனின் முதுகு நேராக நின்று நான் பார்க்கவில்லை. இன்றைக்கு நின்றது. தோசையைச் சுட்டுப் போட்டுவிட்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

டீக்கடைக்குப் போனார். பிளக்கை மாட்டினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது.

ஜூலை 4, வியாழன்

இவர் ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். சீரகத் தண்ணீர் கொடுத்தேன். ஷெட்டின் பின்னால் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, கொசு பார்த்தேன் என்கிறார்.

ஜூலை 6, சனி

ஆக்சிஜன் குழாய் பழசாகிவிட்டது என்று இவர் புதுசு வாங்கி வந்தார். மருந்துக்கடைக்காரன் அவசரத்தில் இரண்டு மூன்று பங்கு நீளத்தைக் கொடுத்துவிட்டானாம். திருப்பிக் கொடுங்கள் என்றால், வெட்டினால் வீண்தானே, கிடக்கட்டும் என்கிறார். சாமானம் வாங்கத் தெரிந்த லட்சணம் இது. வீடு முழுக்கச் சுருண்டு கிடக்கிறது. ஆனாலும் மூக்கிலிருந்து கழற்றாமலே ஷெட் வரைக்கும் போக முடிகிறது. எனக்கு அது சௌகரியம்.

பின்பக்கத்தில் கிடந்த தகரம், ஓட்டு மூட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிச் சுத்தம் செய்திருக்கிறார். பாதி வழியில் முருங்கை மரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்திருக்கிறார். வழியில் எதற்கு என்றேன். பேரிங் மாற்ற உட்காருவதற்காம். பேரிங்கை மரத்தடியிலா மாற்றுவார்கள்? இருந்தாலும் போகும்போதும் வரும்போதும் அதில்தான் உட்காருகிறேன்.

டீக்கடையில் முன்பைவிட வெகுநேரம் இருக்கிறார். எனக்கென்ன, நிதானமாகப் போய் வருகிறேன்.

ஜூலை 8, திங்கள்

காலையில் இரண்டு தோசை சாப்பிட்டேன். வழக்கமாக ஒன்றே இறங்காது. துணியை நானே கொடியில் போட்டேன், ஈரப் புடவை இரண்டைத் தவிர. ஷெட்டுக்கு இரண்டு தடவை போனேன், ஒரு தடவை மாட்ட, ஒரு தடவை பிடுங்க. விரலில் மாட்டும் கிளிப் காட்டுகிற ஆக்சிஜன் எண்ணும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. ஆனி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சிலருக்கு ஒத்துக்கொள்ளும் என்பார்கள்.

இவர் என்னவோ முன்போல் மீட்டரைப் பற்றி ஓயாமல் பேசுவதில்லை. ஏறியிருக்கிறதா என்று நானாகக் கேட்டால், ஏறியிருக்குது ஏறியிருக்குது என்று சிரிக்கிறார். சாதித்துவிட்ட தெம்பு.

ஜூலை 10, புதன்

காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. மோட்டார் நின்றுவிடுமே என்று காலையிலிருந்து ஒரே தவிப்பு. இவர் டீக்கடைக்குப் போகாமல் கஞ்சி வைத்தார்.

ஜூலை 11, வியாழன்

இன்றும் போகவில்லை. நேற்றும் போகவில்லை. ஆனால் மோட்டார் நிற்கவில்லை. சத்தம் இம்மிகூடத் தளரவில்லை. முள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நிறைய இருக்குது, நீ படு என்றார்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். நான் போடாமல் அது எப்படி ஓடும்? ஒருவேளை நிஜமாகவே ஓடுகிறதா? அந்த வடக்கத்தி ஆள் சொன்னது சரிதானோ, நான்தான் இத்தனை நாள் வீணாகப் பிளக்கை மாட்டிக்கொண்டிருந்தேனோ? உலகத்தில் எதுவும் போடாமல் ஓடுவது ஒன்றாவது உண்டா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஆறு ஓடுகிறது என்றால் மேலே மழை பெய்கிறது. மழை பெய்கிறது என்றால் வெயில் கடலைக் காய்ச்சுகிறது. வெயிலுக்குச் சூரியன் தன்னையே எரித்துக்கொண்டிருக்கிறது, என்றைக்காவது தீரத்தான் செய்யுமாம். நெஞ்சு தானாக அடிக்கிறது என்று சொல்கிறோம், இரண்டு நாள் கஞ்சி இல்லாவிட்டால் அது என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். கோயிலில் தூண்டாமலே எரியும் தூண்டாமணி விளக்குக்கும் யாரோ எண்ணெய் விடுகிறார்கள்.

மனசு ஆறவில்லை. இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மாப்பிள்ளைக்கு நானே போன் செய்தேன். அத்தை நீங்களா என்று பதறிவிட்டார். மூச்சை எண்ணி எண்ணிச் செலவழித்துக் கேட்டேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் தானாக ஓடாதா என்றேன்.

"ஓடாதுங் அத்தை. எத்தனையோ பேர் எத்தனையோ காலமா செஞ்சு பாத்துட்டாங்க. நிக்காம ஓடுதுன்னா யாரோ ஒருத்தர் எதயோ போட்டுட்டிருக்காங்கன்னு அர்த்தம். அது யாருன்னு பாத்தாப் போதும்."

நான் இல்லையே என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். இவருக்கு மோட்டார்மேல் உயிர், இவர் போய் அதை ஏமாற்றுவாரா? வேறு ஆளே இந்த வீட்டில் கிடையாது. காய்ச்சல் தலைக்கு ஏறியிருக்கிறது, நாளைக்கு யோசிக்கலாம்.

ஜூலை 13, சனி

காய்ச்சல் விட்டது. ஷெட்டுக்குப் போய் வந்தேன். கால் நடுங்கியது. போகாமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பேப்பரில் போட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது முதல் நாலு வரை எங்கள் பக்கம் கரண்ட் இருக்காது. சுகந்தி அதற்குள் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். நான் இப்போதே வந்து கூட்டிப் போகட்டுமா என்கிறாள். சத்தியத்தை ஞாபகப்படுத்தினாள்.

இவரிடம், செவ்வாய்க்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். அதுதான் மோட்டார் இருக்கிறதே என்றார், கண்ணைப் பார்க்காமல்.

கரண்ட் இல்லாத நாளில் என்னாலும் பிளக்கை மாட்ட முடியாது. குறட்டைக்காரனை அந்த மோட்டாரில் கோர்த்துவிட்டால் அரைமணியில் இரண்டும் சேர்ந்து நிற்கும். போன மாதம்போல உதடு நீலம் பாரிக்கும். அதோடு பெங்களூர். நான் சுட்ட பொய்யில் நானே வேகப் போகிறேன். இவர் முகம் வாடினால் வாடட்டும். நாளைக்குக் காலை சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 15, திங்கள்

சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இவர் டீக்கடைக்குக் கிளம்பும் முன்பே நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன். இவர் குனிந்து பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது தானா ஓடல. நீங்க அந்தப் பக்கம் போனதும் நாந்தான் பிளக்கு மாட்டிட்டிருந்தேன்."

இவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் அம்மிணி."

எப்போதிருந்து என்றேன். மூன்றாவது நாளே சார்ஜரைத் தற்செயலாகத் தொட்டாராம், கை சுட்டதாம். பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு இவர் சொன்னதுதான் பெரிது. அன்று ராத்திரி ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதாராம். ஓடும் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறார். அடுத்த நாளே எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்வதாக இருந்திருக்கிறார். ஆனால் என்னதான் நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என, டீக்கடைக்குப் போவதுபோல் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறார்.

"நீ செவுத்தப் புடிச்சுட்டு வந்தே. பொங்கலுக்குப் பொறவு நீ அந்தப் படி தாண்டி நான் பாக்கல. டாக்டரம்மா கெஞ்சுச்சு, சுகந்தி கெஞ்சுச்சு, நான் கெஞ்சுனேன். நீ எந்திரிக்கல. இந்த ஒண்ணுக்கும் ஆகாத மெஷினுக்காக எந்திரிச்சு நடந்தே. அதப் பாத்துட்டு நான் எப்படி அதய நிறுத்துவேன்?"

குழாய் எப்படி நீளமாயிற்று, ஸ்டூல் எதற்கு முருங்கை மரத்தடிக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கிவிட்டது, கொஞ்சம் தாமதமாக. காய்ச்சலில் கிடந்தேனே, அப்போது யார் மாட்டினது என்று மட்டும் கேட்டேன்.

"நாந்தான். அது நின்னு போச்சுன்னா நீ எந்திரிச்சதுக்கப்பறம் எதுக்குன்னு நடப்பே?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூச்சு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். அழுதேன். முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கையெல்லாம் கிரீஸ், புடவை பாழ்.

பிறகு மூலையில் இருந்த தார்ப்பாயை விலக்கினார். கறுப்பும் வெள்ளையுமாக ஆக்சிஜன் சிலிண்டர் நின்றிருந்தது. போன வாரமே எடுத்து வந்து ஒளித்து வைத்திருக்கிறார். திட்டுவதென்றால் திட்டிக்கொள், நாளைக்கு இதுதான் என்றார். அண்ணன் ஞாபகம் வந்தது. என்னைப் பெங்களூர் மாடியில் கொண்டுபோய் வைத்தால் இந்த மனுஷன் யாருக்காகப் பொய் சொல்வார் என்றும் தோன்றியது. உள்ளே கொண்டு வாருங்கள் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

காலை. கரண்ட் போய்விட்டது. போன மாதம் படுத்த இன்வெர்ட்டர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. குறட்டைக்காரன் கூவி அடங்கினான். சிலிண்டரைத் திறந்தார். சத்தமே இல்லாமல் காற்று வருகிறது. நாலு மணிக்கு மேலும் தாராளமாக வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். சுகந்திக்கு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று செய்தி அனுப்பினார்.

இன்னொரு காரியமும் செய்தார். பேட்டரிகள் நிறைந்திருந்தன. யாரும் எதுவும் போடாமல் இன்றைக்கு ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். போடுங்கள் என்றேன். எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

மதியம். புளிசாதம், நேற்றே கிளறி வைத்தது. மோட்டார் ஓடுகிறது. சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே.

நாலு மணி. கரண்ட் வரவில்லை. காற்றில் எங்கேயோ மரக்கிளை ஒடிந்து கம்பிமேல் விழுந்துவிட்டதாம், இன்னும் நேரமாகும் என்கிறார்கள்.

ஐந்தரை. முள் சிவப்பின் ஓரத்தில். இவர் இன்னொரு சிலிண்டர் எடுத்துவர ஆட்டோவில் போயிருக்கிறார். பேசாமல், அசையாமல் உட்காரு என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் சத்தம் தளர்கிறது. பேனாவை வைக்கிறேன்.

ஜூலை 17, புதன்

நேற்று நடந்ததை எழுத இப்போதுதான் உட்கார்ந்தேன்.

இவர் போய் வெகுநேரமாகிவிட்டது. மாடு நுழைகிறது என்று தெருக்கேட்டை வெளியிலிருந்து கைவிட்டு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவது இவர் வழக்கம். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு எப்படித் திறப்பார்? ஆட்டோக்காரர் கால் ஊனமானவர், இறங்கி உதவ முடியாது. கீழே வைத்து, திறந்து, மறுபடி தூக்கி என்றால் இவருக்கும் வயசு அறுபத்தாறு ஆகிறது. உட்கார்ந்திரு என்று சொன்னது சரிதான். ஆனால் நான் என்ன பொம்மையா, யாராவது வந்து காற்றுப் போடட்டும் என்று காத்திருக்க?

எழுந்தேன். நீளக் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டேன். ஷெட்டுக்குப் போகிற வழி எனக்குப் பழக்கம், தெருப்பக்கம் பழக்கமில்லை. துவைக்கிற கல் இல்லை, ஸ்டூல் இல்லை. வாசற்கதவைப் பிடித்து நின்றேன். மூக்கு வழியாக இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விட்டேன், டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி. இறங்கினேன். செம்பருத்திக்குப் பக்கத்தில் ஒரு தடவை நின்றேன். அங்கே நிற்கும்போதுதான் பின்னால் மோட்டார் சத்தம் இறங்கி இறங்கி, சக்கரம் இரண்டு முனகு முனகி, நின்றுவிட்டது. இரண்டு வாரமாகக் கேட்ட சத்தம் போய், தெருச் சத்தம் கேட்டது. எனக்குப் பகீரென்றது. திரும்பிப் போய் என்ன செய்ய முடியும்? மாட்டுவதற்குக் கரண்ட் இல்லை. கேட்டைப் பார்த்து நடந்தேன்.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்ததில் வந்தது. கதவைத் தள்ளிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாய் எட்டும் தூரம் அதுவரைக்கும்தான். கண் கொஞ்சம் இருட்டியது, மறுபடி தெளிந்தது.

தெருமுனையில் ஆட்டோ திரும்பி, வாசலில் வந்து நின்றது. இவர் இறங்கி, சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

நான்தான் சொன்னேன், இரண்டு தடவை நின்று.

"மோட்டார்... நின்னுருச்சுங்க."

"நிக்கட்டும்," என்றார். தோளில் சிலிண்டரைச் சரியாக வைத்துக்கொண்டார். "நீ முன்னால நட. நான் பின்னாடி வாரேன்."